பழுது பெட்டியிலா, பார்வையிலா?

குறையையே குணமாகக் கொண்ட கருவி ஒன்று உலகில் உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். மின்கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே வைத்துக் காலால் மிதித்து இயக்கும் ஃபஸ் பெடலே அது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாடலைப் பதிவு செய்கையில் கருவி பழுதுற்றுக் கிதாரின் ஒலி கரகரத்தது. அந்தக் கரகரப்பே கேட்டோரைக் கவர்ந்தது! 1962இல் அவ்வொலியைத் தரும் 'மேஸ்ட்ரோ' பெட்டி கடைக்கு வந்தது. 1966இல் இலண்டன் ஆர்பிட்டர் நிறுவனத்தின் 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் வட்டப் பெட்டி பிறந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸால் அது பெரும் புகழ் பெற்றது.

அதனுள்ளே இருப்பவை மிகச் சில. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டு, மின்தடை நான்கு, மின்தேக்கி மூன்று, திருகு இரண்டு, 9 வோல்ட் பாட்டரி ஒன்று; அவ்வளவுதான். சென்ற மார்கழியில் நானும் என் அறையில் உடன் தங்கும் தம்பியும் அந்த அமைப்பைப் பார்த்து ஒரு பெட்டி செய்தோம். ஈயம் வைத்துப் பற்றவைத்தவன் தம்பி. நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் அது கம்பீரமாக முழங்கியது.

சித்திரைத் திருநாள் வந்தது. வடநாட்டு வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மேடையில் நான் மீட்டிய ஒவ்வொரு சுரமும் தும்மல் போல் வெடித்து அறுந்தது. அவையோர் நகைத்தனர். இறங்கியதும் எல்லோர் முன்னிலையிலும், "உன் பற்றவைப்புதான் பழுது!" என்று தம்பியைக் கடிந்துகொண்டேன். "பொங்கலன்று நன்றாகத்தானே ஒலித்தது, அண்ணா?" என்றான் அவன். நான் செவிசாய்க்கவில்லை.

இரவு மல்டிமீட்டரை எடுத்து அளந்த பிறகே உண்மை விளங்கியது. இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பாட்டரியின் அளவில் பாதி, அதாவது ஏறத்தாழ 4.5 வோல்ட், இருக்க வேண்டும். நடுவில் நின்றால்தான் ஒலியலை மேலும் கீழும் தாராளமாக அசைந்து, இரு முனையும் வெட்டுப்பட்டு, நிறைந்த கரகரப்பைத் தரும். எங்கள் பெட்டியிலோ 6.5 வோல்ட் இருந்தது! ஒரு பக்கம் இடமின்றி முட்டவே, சுரம் அறுந்தது.

காரணம் யாது? ஜெர்மானியம் வெப்பத்துக்கு அஞ்சும். 10 டிகிரி ஏறினால் அதனுள் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. மார்கழிக் குளிரில் சரியாக நின்ற அளவு சித்திரையில் நிலை பெயர்ந்துவிட்டது. தம்பியின் பற்றவைப்பு ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

பரிகாரம் எளிது. கலெக்டரில் இருந்த 8.2 கிலோ ஓம் மின்தடையைக் கழற்றி, அவ்விடத்தில் 20 கிலோ ஓம் சிறு திருகுத்தடை ஒன்றை வைத்தோம். மீட்டரைப் பார்த்தவாறே திருகி 4.5இல் நிறுத்தினோம். ஒலி திரும்பியது. மந்தர ஒலி கலங்கிக் குழம்பியதால், உள்வாயிலில் இருந்த 2.2 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிக்குப் பதில் 0.1 வைத்தோம், ஒலி தெளிந்தது. வெப்பத் தொல்லையே வேண்டாம் என்போர் சிலிக்கன் டிரான்சிஸ்டர் பொருத்தலாம். அது வெயிலில் பெரிதும் நிலைகுலையாது; ஆயினும் ஒலி சற்றுக் கூர்மையாகி உறுத்தும். எனக்கு ஜெர்மானியத்தின் மென்மையே பிடித்தது.

நண்பர்களே, பெட்டியைத் திருத்துவோர் முதலில் செய்ய வேண்டியது உறுப்புகளை மாற்றுவதன்று, அளப்பது. அளக்காமல் உறுப்பை மாற்றினால் காசு வீணாகும். அளக்காமல் மனிதரைப் பழித்தாலோ, இழப்பது காசன்று.

மறுநாள் உணவுக் கூடத்தில், முன்பு நகைத்தவர்கள் கேட்கும்படியாகவே தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். "போகட்டும் அண்ணா, மார்கழி வந்தால் அந்தத் திருகைத் திரும்பவும் திருக வேண்டும். அப்போதும் மீட்டரையே முதலில் கேளுங்கள்!" என்றான்.