அறிஞர் செலவும் வரவும்

செலவு என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் தருவது. பயணம் என்பது ஒன்று. பொருளை விடுத்தல் என்பது மற்றொன்று. வரவு என்னுஞ் சொல்லும் அத்தகையதே. திரும்பி வருதலும் வரவு. கைக்கு வந்து சேரும் பொருளும் வரவு. ஓர் ஆராய்ச்சியாளன் பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தை நாடிச் செல்லுங்கால் இந்நான்கு பொருளும் ஒருங்கு கூடுகின்றன. செல்லுதற்கு வழியும் பொருளும் வேண்டும். மீளுதற்கு ஓர் இடமும், மீண்டபின் அதனால் விளையும் பயனும் வேண்டும். பல்கலைக்கழகங்கள் இச்செலவினை எவ்வாறு எளிதாக்கின, வரவினை எவ்வளவிற்குப் பேணின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவு தேடி நாடு கடத்தல் புதிய வழக்கமன்று. 7ஆம் நூற்றாண்டிலே சீனத் துறவியாகிய யுவான் சுவாங் நாளந்தாவிலே தங்கிக் கல்வி பயின்றார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த இத்சிங் என்பவர், சுமாத்திராத் தீவின் சிறீவிசயத்தில் முதலில் தங்கி வடமொழி பயின்றார். இந்தியா செல்ல விரும்புந் துறவிகள் ஓரிரு ஆண்டு அங்கிருந்து ஆயத்தஞ் செய்தபின் செல்லுதலே நன்று என்றும் எழுதிவைத்தார். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாளந்தாச் செப்பேடு இன்னும் வியக்கத்தக்க செய்தியொன்றைத் தருகின்றது. சுவர்ணத்தீவின் அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டுவித்தான். அவன் வேண்டுகோளுக்கிணங்கிப் பாலர் மரபுப் பேரரசன் தேவபாலன் ஐந்து கிராமங்களை அதற்கு மானியமாக அளித்தான். துறவிகளின் உணவு, உடை, மருந்து ஆகியவற்றிற்கும், நூல்களைப் படியெடுப்பதற்கும் அவ்வருவாய் உரியதாயிற்று. தங்குமிடத்தை அயல்நாட்டரசன் அமைக்க, அதனை நடத்தும் பொருளை உள்நாட்டரசன் ஈந்தான். இருதரப்பாரும் பொறுப்பேற்ற இவ்வொழுங்கு, இக்காலத்துப் பல்கலைக்கழக உடன்படிக்கைகளுக்கு ஒரு முன்னோடி எனலாம்.

பொருள் மட்டும் போதுமாயின் அறிஞர் செலவு எளிதாயிருக்கும். ஆனால் அயல்நாட்டான் என்பவன் எங்கும் காவலற்றவன். மத்திய கால ஐரோப்பாவில், ஓர் ஊரான் பட்ட கடனுக்கு அவ்வூரைச் சேர்ந்த வேறொருவனைப் பிடித்து வைக்கும் வழக்கமிருந்தது. இத்தாலியின் பொலோஞா நகரிலே சட்டம் பயில வந்த பிறநாட்டு மாணவர் இதனால் இடருற்றனர். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பேரரசன் பிரெடெரிக் பார்பரோசா அவர்களுக்கெனத் தனிச் சாசனமொன்றை வழங்கினான். கல்விக்காகச் செல்வோர் அச்சமின்றிச் செல்லவும் தங்கவும் அது வகைசெய்தது; பிறர் கடனுக்காக அவர்களைத் துன்புறுத்தலைத் தடுத்தது; தம் வழக்கைத் தம் ஆசிரியரிடமோ ஆயரிடமோ கொண்டுசெல்லும் உரிமையையும் அளித்தது. இன்று பல்கலைக்கழகமொன்றின் அனைத்துலக அலுவலகம் வந்தேறும் ஆய்வாளனுக்கு விசாவுக்கான கடிதம் எழுதி, குடியிருக்க வீடு தேடி, மருத்துவக் காப்புறுதி ஒழுங்குசெய்து, மனைவி மக்களுக்கும் வழிகாட்டுகின்றதெனின், அது அப்பழைய சாசனத்தின் வழிவந்த கடமையே.

காவலும் பொருளும் அமைந்தபின் மூன்றாவது தடையொன்று எஞ்சிநிற்கும். ஓரிடத்திற் கற்றதை மற்றோரிடம் ஏற்றுக்கொள்ளாமை என்பதே அது. ஐரோப்பிய நாடுகள் இதனை நீக்க முயன்றன. 1987ஆம் ஆண்டில் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர் அயல்நாடு சென்றனர். அங்கே பயின்ற பாடங்களைத் தாய்ப் பல்கலைக்கழகம் கணக்கிற் கொள்ளும் அலகுமுறை 1989இல் வகுக்கப்பட்டது. 1999இல் 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் பொலோஞாவிற் கூடிப் பட்டங்களின் படிமுறையை ஒத்ததாக்க உடன்பட்டனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அலைந்துகற்ற மாணவனுக்குக் காவல் பெற்றுத்தந்த அதே நகரம் இவ்வுடன்பாட்டிற்கும் களமாயிற்று.

ஆயின் ஐரோப்பாவுக்குள்ளே செல்வது வேறு. வறிய நாடொன்றிலிருந்து செல்வது வேறு. முன்னையது அயல்வீட்டுக்குச் சென்று மீள்வது போன்றது. பின்னையதிலோ செல்பவன் மீளாதிருக்கக் காரணங்கள் பலவுள. இதனை விளக்க ஒருவர் வரலாறே போதும்.

1926ஆம் ஆண்டு பிறந்த அப்துஸ் சலாம், பஞ்சாப்பின் சாங் என்னும் சிற்றூரில் வளர்ந்து, புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்றார். பௌதிகவியலில் உயர்ந்த ஆராய்ச்சி செய்து 1951இல் இலாகூருக்கு மீண்டு கணிதப் பேராசிரியரானார். அங்கே ஆராய்ச்சிக்கு ஓய்வில்லை. புதிய சஞ்சிகைகள் இல்லை. தம் துறையைப் பற்றிப் பேச ஒருவருமில்லை. கல்லூரியிலே கற்பித்தலோடு மேலதிகப் பொறுப்பொன்றும் ஏற்கவேண்டியிருந்தமையால் உதைபந்தாட்டக் கழகத்தை அவர் நடத்தினார். 1953இல் அந்நகரிலே அவர் சார்ந்த அகமதியாப் பிரிவினருக்கு எதிராகக் கலவரமும் மூண்டது. பௌதிகவியலா தாய்நாடா என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேரவேண்டிய நிலை வந்தது. 1954இல் அவர் மீண்டும் கேம்பிறிட்ஜ் சென்றார். பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியராகி, 1979இல் நோபெல் பரிசைப் பங்கிட்டுப் பெற்றார்.

உலகம் ஒரு மேதையைப் பெற்றது. இலாகூர் ஓர் ஆசிரியரை இழந்தது. குறை செலவிலன்று, வரவிலேதான். புலமைப்பரிசில் அவரைச் சிறப்பாகவே அனுப்பியது. மீண்டபின் அவரை ஆராய்ச்சி உலகோடு பிணைத்து வைக்கும் கயிறு ஒன்றேனும் இல்லை. ஆறாண்டுக்கு மூன்று முறை சென்று வரும் வசதி இருந்திருப்பின் அவர் இலாகூரிலேயே தங்கியிருத்தலும் கூடும்.

இக்குறையைத் தம் வாழ்விற் கண்டவர் அதற்கு மருந்தும் தேடினார். 1960இல் சலாம் அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தின் மாநாட்டிலே ஒரு யோசனையை முன்வைத்தார். இத்தாலிய அரசின் பேருதவியோடு 1964இல் அத்திரியாட்டிக் கடற்கரையிலுள்ள திரியெஸ்ட் நகரில் அனைத்துலகக் கொள்கைப் பௌதிகவியல் நிலையம் தோன்றியது. 1997 முதல் அஃது அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அங்கே கண்ட புதுமை இணைவாளர் முறையாகும். வளர்ந்துவரும் நாடொன்றிற் பணியாற்றும் ஆய்வாளன் தன் பதவியை விடவேண்டுவதில்லை. குடும்பத்தைப் பெயர்க்க வேண்டுவதுமில்லை. ஆறாண்டுக் காலத்துள் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில வாரங்களோ மாதங்களோ திரியெஸ்டில் தங்கி, நூல்நிலையத்தைப் பயன்படுத்தி, தன் துறை வல்லாரோடு உரையாடித் திரும்பலாம். தனியாளுக்கன்றி நிறுவனத்திற்கும் இவ்வசதி உண்டு. பல்கலைக்கழகமொன்று நிலையத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, குறித்த நாட்கணக்கிற்குத் தன் இளம் ஆய்வாளரை மாறிமாறி அனுப்பலாம்.

சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகம் மற்றொரு வழியால் இதே முடிவுக்கு வந்தது. 1961இல் அது பிறநாட்டுப் பௌதிகவியலாரை வரவழைத்துப் பயிற்றத் தொடங்கியது. ஆனால் பயிற்சி பெற்றவன் தன் நாடு திரும்பியபின் கருவியும் துணைவரும் இன்றிக் கைகட்டி நிற்பானாயின் பயிற்சியால் யாது பயன்? ஆதலின் காலப்போக்கிலே தனியாளுக்குப் பயிற்சியளிப்பதிலிருந்து, தாய்நாட்டிலுள்ள ஆய்வுக் குழுவினை நெடுங்காலம் தாங்குவதற்கு அத்திட்டம் மாறியது. அயல்நாடுகளின் குழுக்களைத் தம்முள் இணைத்து, ஒன்றின் கருவி மற்றொன்றுக்கும் பயன்பட வழிசெய்தது. சுவீடனின் பல்கலைக்கழகங்களிலே கலாநிதிப் பட்டத்திற்கும் இதற்கேற்ற முறையொன்று வழங்குகின்றது. மாணவன் ஆண்டின் ஒரு பகுதியை அங்கும் மறுபகுதியைத் தன் நாட்டிலும் கழிப்பான். மேற்பார்வையாளரும் ஈரிடத்தும் இருப்பர். பாண் துண்டுகளிடையே கறியை வைப்பதுபோல அமைதலின் இதனைச் 'சாண்ட்விச்' முறை என அழைப்பர். பெயர் விளையாட்டாயினும் பொருள் ஆழமானது. ஆய்வுக்குரிய வினாவைத் தாய்நாட்டு மண்ணே தருகின்றது. செல்பவன் வேர் அறாமற் செல்கின்றான்.

இலங்கையின் உயர்கல்வி வரலாறு அயல்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் உறவோடு பிறந்தது. 1921இல் தோன்றிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இலேதான் நாட்டிற்குச் சொந்தப் பல்கலைக்கழகம் அமைந்தது. அறிஞன் செல்லாமலே பட்டம் வந்தமை அக்காலத்திற் பெருநன்மை. ஆயினும் பாடத்திட்டத்தை ஒருவர் வகுக்க மற்றவர் பின்பற்றிய உறவு அது. உடன்பாடு எனினும் கூட்டு அன்று. பிற்காலத்தில், 1959இல் ஒக்ஸ்போட் நகரிற் கூடிய பொதுநலவாயக் கல்வி மாநாட்டின் பயனாகப் புலமைப்பரிசில்கள் கிடைத்தன. பல்கலைக்கழகங்களும் தம் விரிவுரையாளருக்குக் கல்வி விடுமுறை அளித்து, மீண்டு பணிபுரிவதற்குப் பிணை எழுதிப் பெற்றன. பிணை ஓரளவே பயன்றரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாடு நீங்கினர். பத்திரம் பொருளைக் கட்டும், மனத்தைக் கட்டாது. ஆய்வுகூடமும், ஆராய்ச்சிக்கு ஓய்வும், காலத்துக்குக் காலம் வெளியே சென்றுவரும் வாய்ப்புமே அறிஞனை ஊரிலே நிறுத்துவன.

உடன்படிக்கைகள் கையொப்பமிடப்பட்டுப் படம் பிடிக்கப்பட்டபின் பெட்டகத்தில் உறங்குதல் எங்கும் காணப்படும் குறை. உயிருள்ள கூட்டுறவை அறியச் சில வினாக்கள் போதும். வினாவை யார் எழுப்பினர்? பெறுபேறுகள் எங்கே வைக்கப்படுகின்றன? கட்டுரையிலே இருநாட்டார் பெயரும் உழைப்புக்கேற்ப இடம்பெறுகின்றனவா? கருவி பழுதுற்றால் திருத்துதற்குப் பணம் உண்டா? வறிய நாட்டார் தரவு திரட்ட, செல்வ நாட்டார் நூல் எழுதும் உறவு கூட்டுறவன்று, கூலியுறவு.

மீளாதவரெல்லாம் தாய்நாட்டை மறந்தவர் என்று கூறுதலும் பொருந்தாது. சலாம் இலாகூரில் வாழ மீளவில்லை. எனினும் தமக்குக் கிட்டாத வாய்ப்பைப் பல நாட்டு இளைஞருக்குத் தேடிக்கொடுத்தார். அவர் கட்டிய நிலையம் நாளந்தாவில் எழுந்த விகாரைக்கு ஒப்பானது. அறிஞனை அனுப்பும் பல்கலைக்கழகம், அனுப்பும் நாளிலேயே அவன் மீள்வதற்குரிய ஆய்வுகூடத்தை அமைக்கத் தொடங்குதல் வேண்டும். செலவிற்கு முன் வரவினை எண்ணுதல் நல்ல இல்லறத்தானுக்கு மட்டுமன்றி நல்ல பல்கலைக்கழகத்திற்கும் இலக்கணமாகும்.