கதிருண்டு, அறுத்த கைகள் எங்கே?

தோமஸ் கெயின்ஸ்பரோ 1750 அளவிலே தீட்டிய ‘திரு, திருமதி அன்றூஸ்’ என்னும் தைலவர்ண ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என் நெஞ்சை உறுத்துகின்றது.

ஓவியர் பிறந்த சட்பரி நகரின் அயலிலே, ஓக் மரத்தடியில், இளம் நிலக்கிழார் துப்பாக்கியோடு நிற்கின்றார். வெளிர்நீல ஆடையணிந்த மனைவியார் அருகே அமர்ந்திருக்கின்றார். வலப்புறத்தே அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள். அப்பால் வேலியடைத்த புல்வெளியில் ஆடுகள்.

மனைவியாரின் மடியில் ஒரு சிறு பகுதி தீட்டப்படாமலே கிடக்கின்றது. அங்கே எதை வரைய எண்ணினார் என்று அறிஞர் ஆராய்வர். நான் கேட்பது வேறு: கதிரறுத்த கைகள் எங்கே? உழவர் ஒருவரையேனும் இவ்வயலிற் காணோம்.

எளியோரைத் தீட்ட அறியாதவரல்லர் கெயின்ஸ்பரோ. 1748இல் தீட்டிய ‘கோர்னாட் காடு’ ஓவியத்திலே விறகு சேர்ப்போரும் வழிச்செல்வோரும் மேயும் கால்நடைகளும் உளர். அது ஊரார் உரிமை கொண்டிருந்த பொதுநிலம்; ஆதலின் அங்கே ஊரார் உண்டு. இவ்வயலோ ஒருவருடைமை, இங்கே உடையவர் மாத்திரமே உண்டு.

இரண்டும் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. ஒன்றைக் கண்டு வியப்போர் மற்றையதையும் காணல் வேண்டும்.