அப்பா தோற்றது 71 ஓட்டில்... மகன் போராடி மீட்ட லட்சத்தீவு!

படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே ஆரணிக்குப் போய் ஒரு பட்டுப் புடவை எடுத்து வருபவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அந்த ஆரணி நகராட்சியின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி 63 ஆயிரத்துச் சொச்சம். அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் தனியாக ஓர் எம்.பி. இருந்தால் எப்படி இருக்கும்? எதிரே வரும் நெசவாளியை ‘என்னண்ணே, தறி ஓடுதா?’ என்று எம்.பி. பெயர் சொல்லி விசாரிப்பார் இல்லையா?

நிஜத்தில் ஆரணி மக்களவைத் தொகுதி என்பது செஞ்சி, மயிலம் வரை நீளும் 15 லட்சம் வாக்காளர்களின் சமுத்திரம். ஆனால், ஆரணி நகரம் அளவே மக்கள் இருக்கும் ஓர் இடத்துக்கு உண்மையிலேயே தனி எம்.பி. இருக்கிறார். அதுதான் லட்சத்தீவு! 36 தீவுகள், அதில் மக்கள் வசிப்பது பத்தில் மட்டும். மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர். 2011-ல் மக்கள்தொகை 64 ஆயிரத்துச் சொச்சம். நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்காளர்களைக் கொண்ட மக்களவைத் தொகுதி இது.

நமக்கும் இந்தத் தீவுகளுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இவையும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. ஒரு பகுதி மலபார் மாவட்டத்தோடும், அமினி பக்கத்துத் தீவுகள் தென் கன்னட மாவட்டத்தோடும் சேர்ந்திருந்தன. அதற்குப் பிறகுதான் யூனியன் பிரதேசம். தொடக்கத்தில் தீவு மக்களுக்கு ஓட்டுப் போடும் வேலையே இல்லை. ஜனாதிபதி ஒருவரை நியமிப்பார், அவர் மக்களவைக்குப் போவார். அப்படிப் போனவர் நல்லகோயா தங்ஙள்.

1967-ல்தான் முதல் தேர்தல். சுயேச்சையாக நின்று ஜெயித்தவர் ஆந்த்ரோத் தீவைச் சேர்ந்த இளைஞர் பி.எம்.சயீத். மங்களூரில் கல்லூரி, பம்பாயில் சட்டப் படிப்பு முடித்தவர். அதன்பின் அந்த நாற்காலியை 37 வருடம் அவர் விடவில்லை. 1971-ல் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை, போட்டியின்றித் தேர்வு! இந்திரா காந்தியே தோற்ற 1977-ல்கூட சயீத் ஜெயித்தார். மொத்தம் பத்து முறை.

மத்திய உள்துறை இணை அமைச்சர், தகவல் ஒலிபரப்புத் துறை இணை அமைச்சர் எனப் பதவிகள் வந்தன. 1998-ல் மக்களவைத் துணை சபாநாயகர் ஆனார். 2002 மார்ச்சில் சபாநாயகர் பாலயோகி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது, மே மாதம் புதிய சபாநாயகர் வரும்வரை அவையை நடத்தியது இந்தத் தீவுக்காரர்தான்.

அப்புறம் வந்தது 2004. நாடு முழுக்கக் காங்கிரஸுக்கு நல்ல காலம், சயீத்துக்கு மட்டும் கெட்ட நேரம். ஐக்கிய ஜனதா தளத்தின் பூக்குஞ்ஞி கோயா 15,597 ஓட்டு, சயீத் 15,526 ஓட்டு. வித்தியாசம் 71! நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியின் முதல் வரிசையில் உட்காருபவர்கள் அவ்வளவு பேர் இருப்பார்கள். மன்மோகன் சிங் அவரை மின்துறை அமைச்சராக்கி, டெல்லியிலிருந்து மாநிலங்களவைக்கு அனுப்பிவைத்தார். ஆனால், தீவின் நாற்காலி போனது போனதுதான். 2005 டிசம்பரில் தென்கொரியாவின் சியோல் நகரில் அவர் காலமானார்.

அப்பா விட்ட இடத்துக்கு வந்தவர் மகன் ஹம்துல்லா சயீத். 1982-ல் பிறந்தவர், இவரும் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். 2009 தேர்தலில், அப்பாவைத் தோற்கடித்த அதே பூக்குஞ்ஞி கோயாவை 2,198 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அந்த மக்களவையின் மிக இளைய உறுப்பினர்களில் ஒருவர்.

‘வாரிசு அரசியல்தானே?’ என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பெயர் உதவவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால், தீவுக்காரர்கள் அதைச் சொத்துப் பத்திரம்போல எழுதிக் கொடுத்துவிடவில்லை. 2014-ல் தேசியவாத காங்கிரஸின் முகமது ஃபைசலிடம் 1,535 ஓட்டில் ஹம்துல்லா தோற்றார். 2019-லும் அதே ஃபைசலிடம் 823 ஓட்டில் தோல்வி. பத்து வருடம் வெளியே!

இந்த ஓர் எம்.பி. நாற்காலிக்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு? லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது. எம்.எல்.ஏ. கிடையாது, முதல்வர் கிடையாது. டெல்லி நியமிக்கும் நிர்வாகி வைத்ததுதான் சட்டம். கொச்சியிலிருந்து கப்பல் ஏறினால், போகும் தீவைப் பொறுத்து 14 மணி நேரம், அதற்கு மேலும் ஆகும். விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும். பெரிய நோய் என்றால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத் தூக்கி வரவேண்டும். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை என்றால், டெல்லியில் போய்க் கேட்க இருப்பது ஒரே ஒரு குரல்.

அந்தக் குரலின் அருமை 2021-ல் தெரிந்தது. புதிய நிர்வாகி பிரஃபுல் கோடா படேல் கொண்டுவந்த வரைவுகளில், வளர்ச்சிப் பணிக்காக நிலத்தை எடுக்கும் அதிகாரம், விசாரணையின்றி ஒரு வருடம் வரை காவலில் வைக்கும் குண்டர் சட்டம், இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கத் தடை என்றெல்லாம் இருந்தன. குற்றங்கள் மிகக் குறைவான தீவுக்குக் குண்டர் சட்டமா என்று மக்கள் கொதித்தார்கள். ஜூன் 7-ம் தேதி வீட்டு வாசலிலேயே 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேரள சட்டமன்றம் தீவு மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானமே போட்டது. தங்களுக்கென்று தீர்மானம் போடத் தீவில் ஒரு சபை இல்லை!

அடுத்த அதிர்ச்சி நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2009 தேர்தல் நேரத்து மோதலில், காங்கிரஸ் தரப்பில் ஒருவரைக் கொல்ல முயன்றதாக ஃபைசல் உள்ளிட்டோர் மீது வழக்கு. 2023 ஜனவரி 11-ல் கவரத்தி நீதிமன்றம் பத்து வருடச் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் உடனே பதவி காலி என்பது சட்டம். இடைத்தேர்தல் தேதியும் வந்துவிட்டது. அதற்குள் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது, தேர்தலும் நின்றது. மார்ச் 29-ல் எம்.பி. பதவி திரும்பியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை ரத்துசெய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. அக்டோபரில் மீண்டும் பதவி போனது. உச்ச நீதிமன்றம் தலையிட, நவம்பரில் மீண்டும் வந்தது. ஒரே வருடத்தில் இரண்டு முறை போய், இரண்டு முறை வந்த பதவி! வழக்கு யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த மாதங்களில் தீவுக்காகப் பேச டெல்லியில் ஆளே இல்லை என்பதுதான் சாதாரண மக்களுக்கு உறுத்தியிருக்கும்.

2024 ஏப்ரல் 19-ல் நாம் தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்ட அதே நாளில் லட்சத்தீவும் ஓட்டுப் போட்டது. மூன்றாவது முறையாக ஃபைசலும் ஹம்துல்லாவும் நேருக்கு நேர். ஹம்துல்லா 25,726, ஃபைசல் 23,079. வித்தியாசம் 2,647. பா.ஜ.க. ஆதரவோடு நின்ற அஜித் பவார் அணி வேட்பாளருக்குக் கிடைத்தது 201 ஓட்டு!

42 வயதில் மறுபடி மக்களவைக்குள் நுழைந்த வழக்கறிஞர், இந்த முறை உட்கார்ந்திருப்பது எதிர்க்கட்சி வரிசையில். லட்சத்தீவு நிர்வாகி பதில் சொல்ல வேண்டியது மத்திய உள்துறைக்கு. 1993-லிருந்து 95 வரை அப்பா சயீத் இணை அமைச்சராக இருந்த அதே துறையைப் பார்த்துத்தான், மகன் இப்போது எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.