லெபெதெவ் என்றால் எந்த லெபெதெவ்?

மாஸ்கோவில் லெபெதெவ் இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. அதே நகரில் லெபெதெவ் பெயரில் ஒரு கணினி நிறுவனமும் உண்டு. பீட்டர்ஸ்பர்க்கின் செயற்கை ரப்பர் ஆய்வு நிறுவனத்துக்கும் லெபெதெவ் பெயர்தான். ரஷ்ய அறிவியல் வரலாற்றைப் புதிதாகப் படிக்க வருகிறவர், ஒரே மனிதர் ஒளியையும் அளந்து, ரப்பரும் செய்து, கணினியும் கட்டினாரோ என்று மலைத்துப்போகலாம். மூவரும் வேறு வேறு ஆட்கள். வேறு வேறு குடும்பங்கள். இவர்களில் ரப்பர்காரரும் கணினிக்காரரும் நம்மை இன்னும் கொஞ்சம் குழப்புவார்கள். இருவருமே செர்கேய் லெபெதெவ், இருவருமே சோவியத் அறிவியல் கழக உறுப்பினர்கள். நடுவில் வரும் தந்தை பெயரை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். வசீலியின் மகன் செர்கேய் வசீலியெவிச். அலெக்சேயின் மகன் செர்கேய் அலெக்சேயெவிச்.

ரஷ்யாவில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று லெபெதெவ். பெண்களுக்கு லெபெதெவா. 'லெபெத்' என்றால் அன்னப்பறவை. தேவாலயத்தில் வைத்த பெயர் போக ஊரார் அழைக்கிற பட்டப்பெயர் ஒன்றும் அந்தக் காலத்து ரஷ்யர்களுக்கு இருந்தது. பறவைப் பெயர்களுக்கு அதில் தனி மவுசு. அன்னம் என்று அழைக்கப்பட்டவரின் பிள்ளைகள் லெபெதெவ் ஆனார்கள். வல்லூறின் பிள்ளைகள் சொகலோவ், புறாவின் பிள்ளைகள் கோலுபெவ், கொக்கின் பிள்ளைகள் ஷுராவ்லியோவ். இது ஒரு வழி. பாதிரியார் பயிற்சிப் பள்ளிகள் இன்னொரு வழி. அங்கே சேர்ந்த மாணவர்களுக்குப் பள்ளியே புதிய குடும்பப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. அன்னம் தூய்மையின் அடையாளம் என்பதால் அங்கேயும் லெபெதெவ்கள் உருவானார்கள். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகுதான் பெருந்திரளான விவசாயிகளுக்கு எழுத்தில் நிலைத்த குடும்பப் பெயர் கிடைத்தது. ஊர்ப் பட்டப்பெயர், தாத்தாவின் செல்லப்பெயர் என்று கையில் கிடைத்தது பதிவேட்டில் ஏறியது. ஆக, ஒரு மூலவரிடமிருந்து கிளைத்த வம்சம் அல்ல இது. ஒருவரையொருவர் அறியாத பல கிராமங்களில், பல தலைமுறைகளில், திரும்பத் திரும்பப் பிறந்த பெயர்.

இதை மரபியலால் சோதித்துப் பார்க்க முடியும். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது ஒய் குரோமோசோம். குடும்பப் பெயரும் பெரும்பாலும் அப்படியே போகிறது. ஒரே பெயர் உள்ள ஆண்கள் ஒரே மூலவரின் வழி வந்தவர்கள் என்றால், அவர்களுடைய ஒய் குரோமோசோம்களும் ஒத்துப்போக வேண்டும். பிரிட்டிஷ் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே எடுத்துக்கொண்டு, சைக்ஸ் என்று பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்தார். ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒரே வகை குரோமோசோம் இருந்ததை 2000இல் வெளியிட்டார். பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டுரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 பிரிட்டிஷ் பெயர்களை ஆராய்ந்தார்கள். அரிய பெயராக இருந்தால் உறவு பளிச்சென்று தெரிகிறது. ஸ்மித் போன்ற பொதுப் பெயராக இருந்தால், தெருவில் போகிற யாரோ இருவருக்கு இருக்கும் ஒற்றுமைக்கு மேல் எதுவும் தெரிவதில்லை. கொல்லர் இல்லாத ஊர் ஏது? ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஸ்மித் வம்சம் தனியாகத் தொடங்கியிருக்கிறது. லெபெதெவின் கதையும் அந்த வகைதான் என்பதே என் கணிப்பு. பெயர் எந்த அளவுக்குப் பரவலோ, அந்த அளவுக்கு அது இரத்த உறவைப் பற்றிக் குறைவாகச் சொல்கிறது.

இந்தப் பெயர்க்காரர்களில் நம் ஊருக்கு முதலில் வந்தவர் கெராசிம் லெபெதெவ். வோல்கா நதிக்கரையின் யாரோஸ்லாவ்லில் 1749இல் பிறந்த வயலின் கலைஞர். ஐரோப்பா முழுக்க வாசித்துவிட்டு 1785இல் மெட்ராஸ் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகள் இங்கே கச்சேரிகள் செய்தபடியே தமிழும் கொஞ்சம் கற்றார். பிறகு கல்கத்தா போய் கோலக்நாத் தாஸ் என்ற ஆசிரியரிடம் வங்காளமும் சமஸ்கிருதமும் படித்தார். ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தை வங்காளத்தில் பெயர்த்து, தானே கட்டிய அரங்கில் 1795 நவம்பர் 27 அன்று மேடையேற்றினார். ஆண்களோடு வங்கப் பெண்களும் அதில் நடித்தார்கள். நவீன வங்க நாடகத்தின் தொடக்கமாக அந்த இரவைக் குறிப்பிடுகிறார்கள். கல்கத்தாவின் ஆங்கிலேயர்களோடு மோதல் முற்றியதில் கையில் காசில்லாமல் இந்தியாவை விட்டுப் போனார். 1801இல் லண்டனில் இந்திய மொழிகளுக்கு ஓர் இலக்கண நூல் அச்சிட்டார். பீட்டர்ஸ்பர்க் திரும்பியதும் இந்திய எழுத்துகளுக்கு அச்சு வார்த்து ஓர் அச்சகமே அமைத்தார். மெட்ராஸில் அவர் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி நாம் இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

லெபெதெவ்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் பியோத்தர் நிகொலாயெவிச். மாஸ்கோ வணிகக் குடும்பத்தில் 1866இல் பிறந்தவர். ஜெர்மனிக்குப் போய் ஸ்ட்ராஸ்பர்க்கில் முனைவர் பட்டம் பெற்றார். ஒளி தள்ளுமா என்ற கேள்வி இளமையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீண்டிருப்பதைக் கண்ட கெப்ளர், சூரியக் கதிர்தான் அதைத் தள்ளுகிறது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்திருந்தார். 1873இல் மேக்ஸ்வெல் தன் மின்காந்தக் கோட்பாட்டிலிருந்து அந்த அழுத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டே காட்டினார். ஆனால் அது எவ்வளவு சிறியது தெரியுமா? நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால், அதன் மேல் விழும் ஒளியின் தள்ளு விசை ஒரு மில்லிகிராம் எடைக்குக்கூட ஈடாகாது. ஒரு சதுர கிலோமீட்டர் கண்ணாடி செய்தாலும் ஒரு கிலோ எடைக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். பெரிய அறிஞர்களே இது உண்மையில் இருக்கிறதா என்று ஐயப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிறியதை அளப்பது கடினம் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அதைவிடப் பெரிய போலிகள் பக்கத்திலேயே நிற்கின்றன. ஒளி பட்ட தகட்டின் ஒரு பக்கம் சூடாகும். சூடான பக்கத்தில் மோதும் காற்று மூலக்கூறுகள் கூடுதல் வேகத்தோடு திரும்பும். திரும்பும்போது தகட்டை உதைத்துவிட்டுப் போகும். இந்த உதை ஒளியின் தள்ளலைவிடப் பல மடங்கு பெரியது. சுற்றிலும் உள்ள காற்று சூடேறி மேலெழும் ஓட்டம் இன்னொரு தொல்லை. பிரிட்டனில் வில்லியம் குரூக்ஸ் செய்த புகழ்பெற்ற ஒளிச் சக்கரத்தை முதலில் ஒளியழுத்தம்தான் சுழற்றுகிறது என்று நினைத்தார்கள். உற்றுப் பார்த்தால் அது சுழன்றது எதிர்த்திசையில். சுற்றிவிட்டது எஞ்சிய காற்று.

லெபெதெவ் ஒவ்வொரு போலியாகப் பிடித்து வெளியேற்றினார். கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய இழையில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடுகளைத் தொங்கவிட்டார். இரு பக்கமும் வெப்பம் உடனே சமமாகிவிட வேண்டும் என்பதற்காகத் தகடுகளை மிக மெல்லிய உலோகத்தில் செய்தார். காற்றை உறிஞ்சி எடுத்தும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. குமிழின் அடியில் ஒரு துளி பாதரசத்தை வைத்துச் சூடாக்கினார். எழுந்த ஆவி மிச்சக் காற்றையும் வாரிக்கொண்டு போனது. பிறகு குளிர்வித்து அந்த ஆவியை உறையச் செய்தார். வில் விளக்கின் ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பி, தகட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி விழவைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தார். காற்றோட்டத்தின் பங்கு அதில் கழிந்துபோகும். கருப்புப் பூசிய தகடு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. பளபளக்கும் தகடு திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்பும் தகட்டுக்குத் தள்ளல் கிட்டத்தட்ட இரு மடங்கு இருக்க வேண்டும் என்பது கோட்பாடு. அப்படியே இருந்தது. 1900இல் பாரிஸில் கூடிய உலக இயற்பியலாளர் மாநாட்டில் முடிவுகளைச் சொன்னார். 1901இல் முழுக் கட்டுரை வந்தது. வாழ்நாளெல்லாம் மேக்ஸ்வெல்லோடு முரண்பட்ட கெல்வின் பிரபு, இந்தச் சோதனையின் முன் தான் தோற்றதாக ரஷ்ய உயிரியலாளர் திமிர்யாசெவிடம் ஒப்புக்கொண்டாராம். அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் இருவரும் அதே காலத்தில் தனியாக இதே அழுத்தத்தை அளந்தார்கள். அவர்களுக்கும் இந்தப் பெருமையில் பங்கு உண்டு.

லெபெதெவ் அத்தோடு நிற்கவில்லை. தகட்டை விட்டுவிட்டு வாயுவின் மேல் ஒளியின் தள்ளலை அளக்க முனைந்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1910இல் அதையும் வெளியிட்டார். மறு ஆண்டு, பல்கலைக்கழகத்தின் உரிமைகளில் கல்வி அமைச்சர் கஸ்ஸோ கைவைத்ததை எதிர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் மாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறினார்கள். அவரும் வெளியேறினார். தான் உருவாக்கிய ஆய்வகம், சம்பளம், குடியிருப்பு எல்லாம் போயின. ஸ்டாக்ஹோமில் வேலைக்கு அழைப்பு வந்தது. மாணவர்களை விட்டுப் போக மனமில்லை. நன்கொடையில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஆய்வகம் அமைத்தார். ஏற்கனவே பலவீனமான இதயம் தாங்கவில்லை. 1912இல், 46 வயதில் இறந்தார். செரென்கோவ், தாம், கின்ஸ்பர்க், பாசொவ், புரோகொரொவ் என்று நோபல் பரிசாளர்கள் வரிசையாக வேலை பார்த்த மாஸ்கோ இயற்பியல் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அளந்த அந்தத் துளி விசையை நம்பியே 2010இல் ஜப்பான் இகாரோஸ் என்ற கலத்தை அனுப்பியது. 14 மீட்டர் பக்கமுள்ள மெல்லிய பாயை விரித்து, வெள்ளிக் கோளின் பக்கம் போகும் வழியில் சூரிய ஒளி தள்ளத் தள்ள நகர்ந்தது.

ரப்பர்காரரின் கதைக்கு ஒரு தமிழ்ப் பின்னணி உண்டு. 1920களில் உலகத்தின் ரப்பர் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களிலிருந்து வந்தது. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விலை சரியாமல் இருக்க 1922 முதல் பிரிட்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. ரப்பர் மரம் வளராத சோவியத் நாட்டுக்கு அது கழுத்தில் விழுந்த சுருக்கு. செயற்கை ரப்பர் செய்வதற்கு 1926இல் ஒரு போட்டி அறிவித்தார்கள். 1928 தொடங்குவதற்குள் செய்முறையோடு இரண்டு கிலோ மாதிரியும் கொடுக்க வேண்டும். லெனின்கிராட் என்று அப்போது பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில் செர்கேய் வசீலியெவிச் ஒரு சிறு குழுவோடு இறங்கினார்; 1910இலேயே பியூட்டாடையீன் என்ற வாயுவை ரப்பர் போன்ற பொருளாகத் திரட்டிப் பார்த்தவர் அவர். அந்த வாயுவை மலிவாகச் செய்வதில்தான் சிக்கல். அவர் கண்ட வழி, உருளைக்கிழங்கிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் சாராயம். தக்க வினையூக்கியின் மேல் சூடாக ஓடவிட்டால் சாராயத்தின் இரண்டு மூலக்கூறுகள் நீரையும் ஹைட்ரஜனையும் இழந்து பியூட்டாடையீனாக இணைகின்றன. சோடியம் உலோகம் அதை நீண்ட சங்கிலியாகக் கோக்கிறது. மாதிரி காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது, வென்றது. 1932 ஜூலையில் முதல் பெரிய ஆலை யாரோஸ்லாவ்லில் ஓடத் தொடங்கியது. கெராசிம் பிறந்த அதே ஊர்! இரண்டே ஆண்டில், 1934இல், டைஃபஸ் காய்ச்சலில் செர்கேய் வசீலியெவிச் மறைந்தார். அவர் மனைவி அன்னா ஓஸ்த்ரௌமோவா-லெபெதெவா மரச்செதுக்கு ஓவியத்தில் பெரும் பெயர் பெற்றவர். கணவர் போன பின்பும் லெனின்கிராட் முற்றுகை நாட்களில் நகரை விட்டு நகராமல் அங்கேயே இருந்தார்.

கணினிக்காரர் செர்கேய் அலெக்சேயெவிச், 1902இல் நிஷ்னி நோவ்கொரோட்டில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். நீண்ட மின்கம்பித் தடங்கள் நிலைகுலையாமல் இயங்குவது எப்படி என்று கணக்கிட்டுக் கணக்கிட்டே, கணக்குப் போட ஒரு கருவி வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். கீவ் நகரத்துக்கு வெளியே ஃபெயோஃபானியாவில், போரில் சிதைந்த மடாலயக் கட்டடம் ஒன்றில் அவரும் குழுவும் ஏறக்குறைய 6,000 வெற்றிடக் குழல்களைக் கோத்து மெஸ்ம் என்ற கணினியைக் கட்டினார்கள். எல்லாக் குழல்களும் எரிந்தால் அறை கொதிக்கும். சூடு வெளியேற மேல்தளத்தில் ஒரு பகுதியைப் பிரித்தார்கள். 1950 நவம்பரில் முதன்முறை இயங்கிய அது, ஐரோப்பியக் கண்டத்தின் ஆரம்பகால மின்னணுக் கணினிகளில் ஒன்று. பின்னாளில் மாஸ்கோவில் அவர் வடிவமைத்த பெஸ்ம்-6 வினாடிக்குப் பத்து லட்சம் செயல்கள் வரை செய்தது. 1975இல் அப்போலோ–சோயுஸ் கூட்டுப் பயணத்தின் கணக்குகளிலும் பங்கெடுத்தது. அவர் அக்காவும் பிறப்பால் லெபெதெவாதான். ஆனால் அம்மா வீட்டுப் பெயரைச் சூடிக்கொண்டு தத்யானா மாவ்ரினா என்று குழந்தைகளுக்கான கதைப் படங்கள் வரைந்தார். 1976இல் ஆண்டர்சன் விருது பெற்றார். இவரைப் பார்த்தால், பெயர் வேறாக இருந்தும் இரத்தம் ஒன்றாக இருக்கிறது.

இந்த வரிசையில் இளையவர் விண்வெளி வீரர் வலென்தீன் லெபெதெவ், 1942இல் மாஸ்கோவில் பிறந்தவர். 1982இல் சக வீரர் பெரெசவோயோடு சல்யூத்-7 நிலையத்தில் 211 நாட்கள் தங்கினார். அதுவரை யாரும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. அந்த மாதங்களில் எழுதிய நாட்குறிப்பைப் பின்னர் புத்தகமாக்கினார். தனிமையையும் எரிச்சலையும் மறைக்காமல் சொல்லும் புத்தகம் அது. நிலையத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற களைச்செடியை வளர்த்தார்கள். எடையே இல்லாத அந்த இடத்தில் அது முளைவிட்டு, பூத்து, விதையும் வைத்தது. விண்வெளியில் ஒரு தாவரம் இந்தச் சுற்றை முழுதாக முடித்தது அதுவே முதல் முறை.