ஒரே நோய், இரண்டு நோயாளிகள்

மருத்துவமனையில் கதிர்வீச்சு அறை. வெளியே பெஞ்சில் இருவர் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வயது 65. மற்றவருக்கு 35. இருவருக்கும் மூளையில் லிம்போமா. இளையவர் உடம்பில் எச்.ஐ.வி. கிருமியும் உண்டு. பெரியவருக்கு அது இல்லை.

லிம்போமா என்றால் என்ன? நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உள்ளன. அவை நோயைத் தடுக்கும் காவலாளிகள். அவற்றில் ஒரு வகை அணு கெட்டுப்போய், அடங்காமல் பெருகும். அதுவே இந்தப் புற்றுநோய். சிலருக்கு அது மூளையிலேயே தொடங்கும். தலைவலி வரும். பேச்சு குழறும். ஒரு பக்கம் கை கால் தளரும். குணமே மாறிவிடுவதும் உண்டு. பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போவார்கள். நாள் வீணாகும்.

கட்டியை அறுத்து எடுத்தால் போதாதா? போதாது. அது மூளைக்குள் பல இடங்களில் பரவியிருக்கும். ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் கட்டி சட்டென்று சுருங்கும். நோயாளி எழுந்து நடப்பார். நோய் போய்விட்டது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கட்டி மீண்டும் வளரும்.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு இன்னொரு குழப்பம். காசநோயும் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியும் மூளையில் கட்டி போலவே தெரியும். அவற்றுக்கு மருந்தே வேறு. ஆகவே சோதனை முக்கியம்.

இன்று முதலில் தருவது பெரும்பாலும் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து. அதிக அளவில் ஏற்றுவார்கள். பெரியவரின் சிறுநீரகம் அதைத் தாங்காது. இளையவருக்கோ மருந்து ஏற்றியும் கட்டி முழுதும் கரையவில்லை. அதனால்தான் இருவருக்கும் கதிர்வீச்சு.

இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். ஆனால் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. வலியும் இல்லை. தலை அசையாமல் இருக்க முகமூடி போடுவார்கள். தினமும் சில நிமிடங்கள், வாரம் 5 நாட்கள், சில வாரங்கள் நடக்கும். முடி கொட்டும். சோர்வு வரும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். நோயாளி உடம்பிலிருந்து கதிர் வீசாது.

முன்பு எச்.ஐ.வி. உள்ளவர்கள் கதிர்வீச்சுக்குப் பிறகும் சில மாதங்களே வாழ்ந்தார்கள். கிருமியை அடக்க நல்ல மருந்து இல்லை. 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்தது. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசு அதை இலவசமாகத் தருகிறது. அதுதான் ஏ.ஆர்.டி. மருந்து. அதை விடாமல் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி திரும்பும். கதிர்வீச்சும் பலன் தரும். பல ஆண்டுகள் வாழ்பவர்களும் உண்டு. எச்.ஐ.வி. என்று சொல்லிச் சிகிச்சையை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இங்கே பெரியவருக்குத்தான் கவலை அதிகம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கதிர்வீச்சு முடிந்து பல மாதங்கள் கழித்து மறதி வரலாம். நடை தடுமாறலாம். சிறுநீர் அடங்காமல் போகலாம். கதிரின் அளவைக் குறைக்க முடியுமா என்று அவர் மகள் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். அது கேட்க வேண்டிய கேள்விதான்.