ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆகணுமா? முதல்ல பத்திரம் படிங்க பாஸ்!

“கையில ஒரு போன், ஒரு பைக் இருந்தா போதும். ஒரு ஃப்ளாட்டை வித்தா லட்சம் ரூபா கமிஷன்!” இப்படி யாராச்சும் உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க. பாதி உண்மை. மயிலாப்பூர்ல ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 1 சதவிகிதம்னாலே ஒரு லட்சம்தான். ஆனா, அந்த ஒரு கோடி இன்னொரு குடும்பத்தோட மொத்த சேமிப்பு. இந்த வேலையே அங்கதான் ஆரம்பிக்குது.

பதிவு கட்டாயம்

2016-ல வந்த ரெரா சட்டப்படி, பதிவான புராஜெக்ட்ல ஃப்ளாட்டோ மனையோ விற்க உதவணும்னா, நீங்களும் ஏஜென்ட்டா பதிவு பண்ணியிருக்கணும். தமிழ்நாட்டுல இதை டி.என்.ரெரா பார்த்துக்குது. பதிவு இல்லாம இறங்கினா ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் அபராதம். அது வித்த சொத்தோட மதிப்புல 5 சதவிகிதம் வரைக்கும் ஏறலாம். கிடைக்கிற கமிஷனைவிட அதிகம் பாஸ்!

ஏரியாவுக்கு ஏரியா வேற பாடம்

மயிலாப்பூர்ல கட்டடம் ஒருத்தர் பேர்லயும், மனை கோயில் பேர்லயும் இருக்க வாய்ப்புண்டு. கோயில் நிலத்தை அறநிலையத்துறை அனுமதி இல்லாம விற்க முடியாது. அதனால ‘மனை யாரோடது?’ங்கிறதுதான் முதல் கேள்வி.

தி.நகர், அடையாறுல பழைய ஃப்ளாட்கள் அதிகம். அங்க சதுர அடியை மட்டும் பார்க்காதீங்க, யு.டி.எஸ்-ஐப் பாருங்க. அதாவது, பிரிக்கப்படாத மனைப் பங்கு. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடியில சமமான ஆறு வீடு இருந்தா, ஒரு வீட்டுக்கு 400 சதுர அடி. நாளைக்குக் கட்டடத்தை இடிச்சுக் கட்டும்போது பேசப்போறது இந்தப் பங்குதான்.

வில்லங்கம் சுத்தமா இருந்தா போதுமா?

போதாது. பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கச் சான்றிதழை நீங்களே பார்த்துடலாம். ஆனா அதுல பதிவான ஆவணங்கள் மட்டும்தான் தெரியும். பதிவு பண்ணாத உயில், பங்கு கேட்கக் காத்திருக்கிற அத்தை மகன் எல்லாம் அதுல வரமாட்டாங்க. மூலப்பத்திரம், பட்டா, வாரிசு சான்றிதழ் எல்லாத்தையும் வாங்கி, வக்கீல்கிட்ட காட்டச் சொல்லுங்க.

முதல் ஆறு மாசம்

சம்பளம் கிடையாது, பெட்ரோல் செலவு மட்டும் நிச்சயம். அதனால வாடகை வீட்டுல ஆரம்பிங்க. வழக்கமா ஒரு மாச வாடகை கமிஷனா வரும், தெருக்களும் பழகும். எந்த அபார்ட்மென்ட்ல தண்ணி லாரி வருது, எந்தத் தெருவுல மழைத்தண்ணி நிக்குதுனு நோட்டுல எழுதி வைங்க. கமிஷன் எவ்வளவுங்கிறதை வீடு காட்டறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிடுங்க.

ஒருநாள், “இந்த வீடு வேணாம் சார், பேப்பர் சரியில்லை”னு நீங்களே சொல்ல வேண்டிவரும். அன்னிக்குக் கமிஷன் போயிடும். ஆனா, அவர் அடுத்த வீடு தேடும்போது முதல் போன் உங்களுக்குத்தான் வரும்!