ஏழில் தொடங்கிய களஞ்சியம்

நெல்லைச் சேர்த்து வைக்கக் குதிர் உண்டு. பணத்தைச் சேர்த்து வைக்க வங்கி உண்டு. விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுக் கண்டறியும் விவரங்களை எங்கே சேர்த்து வைப்பது? இக்கேள்வி எங்களுக்குப் பாடப் புத்தகத்திலிருந்து எழவில்லை. பள்ளித் தோட்டத்து மழைமானியிலிருந்து எழுந்தது.

முன்பு படித்த அக்காமார் அம்மானியில் நாள்தோறும் மழையை அளந்து குறித்து வந்தனர். அறிவியல் கண்காட்சிக்காக அக்குறிப்புகளைத் தேடினோம். ஒரு நோட்டு பழைய தாள்களோடு எடைக்குப் போயிருந்தது. மற்றொன்று கிடைத்தது. அதில் ஒரு தேதிக்கு நேரே ‘4’ என்றிருந்தது. அங்குலமா, சென்டிமீட்டரா, மில்லிமீட்டரா? எழுதிய அக்கா மணமாகி எந்த ஊரிலோ இருக்கிறார்! எங்கள் அறிவியல் சிஸ்டர் சிரித்துவிட்டு, “பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டம்மா” என்று கூறி, புரதக் களஞ்சியத்தின் வரலாற்றைப் படிக்கச் செய்தார்.

இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினும், உண்ட சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகளும் புரதங்களே. ஒரு புரதத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள் தனக்கே உரிய வடிவில் மடிந்து கிடக்கின்றன. அவ்வடிவம் தெரிந்தால்தான் அது வேலை செய்யும் விதம் நன்கு விளங்கும். புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வோர் அணுவின் இடத்தையும் கணக்கிடுகிறார்கள். மாக்ஸ் பெரூட்ஸ் என்னும் அறிஞர் இங்கிலாந்தில் 1937-இல் ஹீமோகுளோபினை ஆராயத் தொடங்கினார். அதன் வடிவம் அவருக்குப் புலப்பட்டது 1959-இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள்! எங்கள் வயதைவிட ஏழாண்டு அதிகம்.

இவ்வாறு பெற்ற விடையை ஆய்விதழில் படமாக அச்சிடலாம். அத்தனை அணுக்களின் இடங்களையும் எப்படி அச்சிடுவது? ஆகவே பொதுக் களஞ்சியம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்டர் ஹாமில்டன் அதனை ஏற்று நடத்த முன்வந்தார். கேம்பிரிட்ஜில் இருந்த படிக விவர மையம் கைகொடுத்தது. 1971-இல் ‘புரோட்டீன் டேட்டா பாங்க்’ பிறந்தது. கையிருப்பு எவ்வளவு தெரியுமா? ஏழே ஏழு வடிவங்கள். 1973-இல் ஹாமில்டன் காலமானார். உடன் பணிபுரிந்தோர் களஞ்சியத்தைக் கைவிடவில்லை.

அக்காலக் கணிப்பொறிக்கு விவரங்களைத் துளை அட்டைகளில் கொடுப்பார்கள். ஓர் அட்டைக்கு 80 கட்டங்கள். ஓர் அணுவுக்கு ஓர் அட்டை. எந்தக் கட்டத்தில் அணுவின் பெயர், எதில் வரிசை எண், எவற்றில் இட அளவுகள் என்று விதி வகுத்தனர். அளவுகள் அனைத்தும் ஆங்ஸ்ட்ராம் என்ற ஒரே அலகில் இருக்கும். அது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. (அக்காமாரின் நோட்டில் இல்லாமற் போனது இதுதான்!) பிறகு அட்டைகள் மறைந்தன, காந்த நாடாக்களைத் தபாலில் அனுப்பினர், பின்னர் இணையம் வந்தது. அந்த 80 கட்ட வரிசையோ பல பத்தாண்டுகள் நீடித்தது. வரிசை எண்ணுக்கு ஐந்தே கட்டங்கள் ஒதுக்கியிருந்தபடியால், 99,999 அணுக்களுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்க நேர்ந்தது. தொடக்கத்தில் கிழித்த கோடு எவ்வளவு காலம் தொடர்கிறது பாருங்கள்!

இதைவிடப் பெரிய இடர் வேறொன்று. பத்து, இருபது ஆண்டுகள் உழைத்துப் பெற்றதைச் சும்மா கொடுக்க யாருக்கு மனம் வரும்? பலர் கொடுக்கத் தயங்கினர். இதனை எங்கள் வகுப்பில் விவாதித்தபோது பாதிப் பேர் தயங்கியவர்கள் பக்கமே நின்றோம். ரெக்கார்டு நோட்டை இரவல் கொடுத்து மனம் நொந்தவர்களுக்கு அது புரியும்! 1989-இல் படிகவியல் அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம் நடுவழி ஒன்று கண்டது. கட்டுரை வெளியிடுவோர் விவரங்களைக் களஞ்சியத்தில் செலுத்த வேண்டும். விரும்பினால் அணுக்களின் இடங்களை ஓராண்டு வரை வெளிவிடாமல் வைத்திருக்கலாம். பின்னர் முதன்மையான ஆய்விதழ்கள் அந்த ஓராண்டையும் நீக்கின. அந்த ஓராண்டு நியாயமானது என்றே எங்களிற் சிலர் இன்னும் வாதிடுகிறோம்.

வருவதை எல்லாம் அப்படியே அடுக்கினால் அது களஞ்சியம் ஆகாது, குப்பைக்கூடை ஆகும். ஆகையால் சோதிக்கிறார்கள். இங்கேதான் நமக்குப் பெருமையான செய்தி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். புரதச் சங்கிலி எல்லாக் கோணங்களிலும் திரும்ப இயலாது. அணுவோடு அணு இடித்துக்கொள்ளும். இயலும் கோணங்களைக் காட்டுவது அப்படம். இன்றும் களஞ்சியத்துக்கு வரும் புரத வடிவங்களை ‘ராமச்சந்திரன் படத்தோடு’ ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கொரோனா பரவிய தொடக்கத்தில் அக்கிருமியின் முக்கிய நொதி ஒன்றின் வடிவத்தைச் சீன விஞ்ஞானிகள் செலுத்தினர். 2020 பிப்ரவரி 5 அன்று அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அவர்களின் கட்டுரை ஆய்விதழில் வந்ததோ ஏப்ரலில். ஏழு இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். இவ்வடிவங்களைக் கற்ற கணிப்பொறி, புதிய புரதங்களின் வடிவத்தை முன்கூட்டியே சொல்கிறது. அதனை உருவாக்கியவர்கள் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

எங்கள் மழை நோட்டும் புதிதாகத் தொடங்கிவிட்டது. முதற் பக்கத்தில் ‘அளவு: மில்லிமீட்டர்; நேரம்: காலை 8.30’ என்று சிவப்பு மையில் எழுதியுள்ளோம். ஒரு படி நூலகத்தில், ஒரு படி ஆய்வகத்தில். அக்டோபரில் ஒரு நாள் மட்டும் காலியாக இருக்கிறது. அன்று மானியைப் பார்க்க மறந்துவிட்டோம். பக்கத்து நாளைப் பார்த்து நிரப்பிவிடலாமா என்று கேட்டோம். சிஸ்டர் அதற்கு இசையவில்லை. ‘பார்க்கவில்லை’ என்றே எழுதச் சொன்னார்.